வழக்கறிஞர் மேடையிலிருந்து நீதிபதி ஆசனம் வரை



சங்கத்தின் கல்வி நிதிக்கு நன்கொடை வேண்டி நாம் கடை கடையாக ஏறி இறங்குவது வழக்கம். அவ்வாறு சென்றபோது, மளிகைக்கடை நடத்தும் மூத்த அன்பர் ஒருவர் கல்லாவில் அமர்ந்தபடியே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "பையன் வைத்தியம் படித்தால் நோயைத் தீர்ப்பான், கணக்குப் படித்தால் நம் பேரேட்டைப் பார்ப்பான். சட்டம் படித்து என்ன செய்வான்? ஒருவனுக்காக இன்னொருவனோடு வாதாடுவான். அதற்கா நாம் பணம் கொடுப்பது?" என்றார்.

அருகில் சரக்கு வாங்க வந்திருந்த வேறோர் அன்பரும் தம் பங்குக்கு ஒன்று கேட்டார். "நீதிபதிகளும் ஒரு காலத்தில் வக்கீல்களாக இருந்தவர்கள்தாமே? ஆயுள் முழுதும் ஒரு பக்கமே பேசிப் பழகியவர், ஆசனத்தில் ஏறியதும் இரு பக்கத்தையும் சமமாக எப்படிப் பார்ப்பார்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். அன்பர் நன்கொடையைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்விடத்தில் நாம் ஏதோ பதில் சொல்லி வந்தோமேயன்றி, அந்தப் பதில் நமக்கே நிறைவாக இல்லை. ஆகவே இந்த இதழின் பாடத்தை அவ்விரு கேள்விகளுக்கும் உரியதாக வைத்துக்கொள்கிறோம். ஐக்கிய அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து கூட்டரசு நீதிபதியான ஓர் அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி.

கூட்டரசு நீதிபதி என்பவர் யார்?

அமெரிக்காவில் இருவகை நீதிமன்றங்கள் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவற்றினின்று வேறாக, நாடு முழுவதற்கும் பொதுவான சட்டங்களையும் அரசியல் சாசனத்தையும் பற்றிய வழக்குகளைக் கேட்பவை கூட்டரசு நீதிமன்றங்கள். அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், அதற்கு மேல் 13 அப்பீல் நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம் என மூன்று படிகளாக அவை அமைந்துள்ளன.

இந்த நீதிபதிகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜனாதிபதி ஒருவர் பெயரை முன்மொழிகிறார். செனட் சபை விசாரித்து, பெரும்பான்மை வாக்கால் சம்மதம் தெரிவிக்கிறது. இத்தனை ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சாசனம் எங்கும் சொல்லவில்லை. ஆயினும் நடைமுறையில், பல்லாண்டு சட்டத்துறையில் பெயர் எடுத்தவரே முன்மொழியப்படுகிறார்.

பதவி ஏற்றபின் நன்னடத்தை உள்ளவரை அவரை எவரும் நீக்க முடியாது. நீக்குவதென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் சபை விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கினர் குற்றம் உறுதி என்று வாக்களிக்க வேண்டும். அவர் பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. இதன் காரணம் வணிகர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். வாங்குபவனும் விற்பவனும் நிற்கும் இடத்தில் எடை போடுபவனுக்குக் கூலி கொடுப்பதும் நிறுத்துவதும் ஒரு தரப்பின் கையில் இருந்தால், அந்தத் தராசை யார் நம்புவார்கள்? எடை போடுபவன் எவருக்கும் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாதுகாப்புகள்.

கடல் கடந்து வந்த குடும்பம்

மோட்லி அம்மையார் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தாய் தந்தையர் அந்நாட்டுப் பழங்குடிகள் அல்லர். அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளில் நெவிஸ் என்ற சிறு தீவிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த கறுப்பின மக்கள். கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அந்தக் குடும்பத்தின் நிலையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையார் யேல் பல்கலைக்கழகத்து மாணவர் சங்கங்களுக்குச் சமையற்காரராக இருந்தார். பிள்ளைகள் பன்னிருவர், அவர்களில் இவர் ஒன்பதாமவர்.

பதினைந்து வயதில் பொதுக் கடற்கரையொன்றில் நிறத்தைக் காரணம் காட்டி இவரை உள்ளே விட மறுத்தனர். அந்த வயதிலேயே சட்டம் படிப்பது என்று இவர் முடிவு செய்துகொண்டார். ஆனால் சமையற்காரர் சம்பளத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரு பெண்ணை எப்படிக் கல்லூரிக்கு அனுப்புவது? உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் படிப்பு நின்றது. அரசாங்கத்தின் இளைஞர் வேலைத் திட்டம் ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்.

ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் கொடை

இனி வருவதுதான் நம் வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

நியூ ஹேவனில் கறுப்பின மக்களுக்கெனச் சமூக மன்றம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. அம்மக்கள் அதை ஏன் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அங்கே இளம்பெண்ணான கான்ஸ்டன்ஸ் எழுந்து, மன்றத்தின் நிர்வாகத்தில் எம்மவருக்கு இடமில்லை, எதையும் தீர்மானிக்கும் உரிமை இல்லை, பிறகு எப்படி இதை எம்முடையது என்று நினைத்து வருவார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார்.

கூட்டத்தில் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்தி முன்னுக்கு வந்தவர். அந்த மன்றத்துக்குப் பொருளுதவி செய்தவர். தாம் பணம் கொடுத்த ஒன்றைச் சிறுபெண் குறை கூறினாள் என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அவளைப் பற்றி விசாரித்தார், அழைத்துப் பேசினார். என்ன படிக்க விருப்பம் என்றார். சட்டம் என்றாள். பணம் இல்லையென்பதையும் சொன்னாள். எவ்வளவு காலம் படித்தாலும் செலவு தம்முடையது என்று ஏற்றுக்கொண்டார்.

அப்பணத்தில் 1941இல் டென்னசி மாநிலத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1943இல் பட்டம் பெற்றார். கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1946இல் தேறினார். எட்டு ஆண்டுக்குள் அறுவடை காட்டும் பயிர் அன்று இது. பிளேக்ஸ்லி அவர்கள் போட்ட முதல் முழுப்பலன் கண்டது 1966இல் என்று வைத்துக்கொண்டால், கால் நூற்றாண்டு ஆகிறது. நமக்கு மூன்று மாதத் தவணையில் சரக்கு விற்றே பழக்கம். கல்விக்குப் போடும் முதல் வேறு கணக்கில் எழுதப்பட வேண்டியது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இருபது ஆண்டு வழக்கறிஞர்

கல்லூரியில் இருக்கும்போதே, 1945இல், தர்குட் மார்ஷல் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரின் கீழ் எழுத்தராக அமர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்திய சட்டப் பாதுகாப்பு நிதி என்ற அமைப்புக்குத் தலைவர் அவர். பின்னாளில், 1967இல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவரும் அவரே.

பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கை உலகமே அறியும். அவ்வழக்கின் மூலப் பிராதை எழுதியது மோட்லி அம்மையாரின் பேனா. தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மீண்டும் வழக்குத் தொடுத்தே அத்தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஜேம்ஸ் மெரிடித் என்ற முன்னாள் விமானப்படை வீரர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார். அவருக்காக அம்மையார் இருபது தடவைக்கு மேல் நியூயார்க்கிலிருந்து அந்த மாநிலத்துக்குப் போய்வந்தார். அவ்வூர்ப் பத்திரிகைகள் அவர் பெயருக்கு முன் 'திருமதி' என்ற மரியாதையைக்கூடப் போட மனம் கொள்ளவில்லை. அங்கே அவருக்குத் துணையாக இருந்த மெட்கர் எவர்ஸ் என்ற தொண்டர் 1963 ஜூன் மாதம் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்று, அப்பீலில் வென்று, இறுதியில் 1962 அக்டோபர் முதல் நாள் மெரிடித் மாணவராகப் பதிவு செய்யப்பட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் அம்மையார் நேரில் வாதாடிய வழக்குகள் பத்து. அவற்றில் ஒன்பதில் வெற்றி. அந்த நீதிமன்றத்தில் எழுந்து வாதாடிய முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தாம்.

தோற்ற பத்தாவது வழக்கையும் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தில் ஜூரிகளைப் பொறுக்கும்போது அரசாங்க வழக்கறிஞர் கறுப்பினத்தவரை ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டுகிறார் என்பது அவர் வாதம். 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் 21 ஆண்டுகள் கழித்து, 1986இல், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் தன் பழைய முடிவின் முக்கியப் பகுதியைத் தள்ளிவிட்டு, ஜூரிகளை நிறத்தின் பேரால் கழிக்கக்கூடாது என்று வழிவகுத்தது. நன்றாகச் சொல்லப்பட்ட வாதம் அன்று தோற்றாலும் ஏட்டில் இருக்கிறது; காலம் வரும்போது அது எடுத்துப் பார்க்கப்படுகிறது.

ஆசனம் ஏறியது

1964இல் நியூயார்க் மாநிலச் செனட் சபைக்கும், 1965இல் நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் பகுதித் தலைவர் பதவிக்கும் அவர் வந்தார். 1966 ஜனவரியில் ஜனாதிபதி ஜான்சன், நியூயார்க் தென் மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்.

செனட் சபையில் நீதித்துறைக் குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் மிசிசிப்பி மாநிலத்துச் செனட்டர். எந்த மாநிலத்தின் பல்கலைக்கழகக் கதவை அம்மையார் திறக்கவைத்தாரோ, அதே மாநிலத்துக்காரர். அவர் எதிர்த்தார், மாதங்கள் ஓடின. முடிவில் ஆகஸ்ட் 30ஆம் நாள் செனட் சபை சம்மதித்தது. கூட்டரசு நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி என்ற நிலை அன்று அவருக்குக் கிட்டியது. 1982இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1986இல் மூத்த நீதிபதி என்ற நிலைக்கு மாறியபின்னும் வழக்குகளைக் கேட்டுவந்தார். 2005 செப்டம்பர் 28ஆம் நாள், 84 வயதில், மறைந்தார்.

ஒரு பக்கம் பேசியவர் நடுநிலை காப்பாரா?

இப்போது இரண்டாவது அன்பரின் கேள்விக்கு வருவோம். இதே கேள்வி மோட்லி அம்மையாரின் முகத்துக்கு நேராகவே ஒருமுறை கேட்கப்பட்டது.

1975இல் நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின்மீது, பெண் வழக்கறிஞர்களை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டுகிறது என்று வழக்கு வந்தது. அது அம்மையாரின் கோர்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது. நிறுவனத்தின் தரப்பினர், நீங்கள் பெண், கறுப்பினத்தவர், உரிமை வழக்குகளை நடத்தியவர், ஆகவே இவ்வழக்கை விட்டு விலக வேண்டும் என்று கேட்டனர்.

அவர் விலகவில்லை. அதற்கு அவர் எழுதிய காரணத்தின் சாரம் இது: இந்த நீதிமன்றத்தில் இருக்கும் எல்லா நீதிபதிகளும் முன்பு வழக்கறிஞர்கள், ஒவ்வொருவரும் ஆணோ பெண்ணோ ஏதோ ஒன்று, ஒவ்வொருவருக்கும் ஓர் இனம் உண்டு, ஒரு பழைய தொழில் உண்டு. அவை மட்டுமே விலகுவதற்குப் போதிய காரணம் என்றால், இந்த வழக்கைக் கேட்க இங்கே ஒரு நீதிபதியும் மிஞ்சமாட்டார்.

இதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். பெண் என்பதால் ஒரு பக்கம் சாய்வார் என்றால், ஆண் நீதிபதி மறு பக்கம் சாயமாட்டாரா? ஒருவருடைய சாய்வு மட்டும் கண்ணுக்குத் தெரிவதும், மற்றவருடையது சாதாரணமாகத் தோன்றுவதும் நம் பழக்கத்தால் வருவது. கடந்தகாலமே இல்லாத மனிதரைத் தேடினால் நீதிபதி கிடைக்கமாட்டார். ஆகவே நாம் பார்க்க வேண்டியவை வேறு. இந்த வழக்கில் அவருக்குச் சொந்த லாபம் உண்டா? தரப்பினரில் எவரோடும் உறவோ பணத் தொடர்போ உண்டா? இதே வழக்கில் முன்பு வக்கீலாக இருந்தாரா? இவற்றுள் ஒன்று இருந்தால் அவர் விலகியே ஆக வேண்டும். மார்ஷல் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் ஆண்டில், தாம் அரசாங்க வழக்கறிஞராக இருந்தபோது தொடர்புகொண்ட பல வழக்குகளிலிருந்து விலகியிருந்தார்.

இன்னொரு காவலும் உண்டு. நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணத்தை எழுதியாக வேண்டும். அது மேல் கோர்ட்டின் பார்வைக்குப் போகும். நியூயார்க் சிறையில் மார்ட்டின் சோஸ்டர் என்ற கைதியை ஓராண்டுக்கு மேல் தனிக்கொட்டடியில் அடைத்துவைத்த வழக்கில், அம்மையார் கைதியின் பக்கம் தீர்ப்பளித்து நஷ்டஈடும் விதித்தார். 1971இல் அப்பீல் நீதிமன்றம் அத்தீர்ப்பில் ஒரு பகுதியை உறுதி செய்து, ஒரு பகுதியை மாற்றியது. நடுநிலை என்பது ஒரு மனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. எழுதிய காரணம், திறந்த கோர்ட்டு, மேல்முறையீடு ஆகிய மூன்றும் அதைத் தாங்கி நிற்கின்றன. நம் கடையில் நம்பிக்கையான கணக்கப்பிள்ளை இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை வைக்கிறோமே, அதுபோல.

வழக்கறிஞர் தொழில் நடுநிலைக்குப் பயிற்சியும் ஆகிறது. நல்ல வக்கீல், எதிர்க்கட்சி நாளை என்ன சொல்லும் என்பதை இன்றே எழுதிப் பார்ப்பவர். இருபது ஆண்டு அப்படி எதிராளியின் வாதத்தை அவரினும் நன்றாக அறிந்து வைத்தவருக்கு, ஆசனத்தில் அமரும்போது இரு பக்கமும் பழகிய பாதையாகவே இருக்கும்.

நம் நாட்டு வழி

மலேசியாவில் கூட்டரசு நீதிமன்றமே உச்சியில் உள்ளது. அதற்கு அடுத்தபடி 1994இல் ஏற்பட்ட அப்பீல் நீதிமன்றம். அதற்குக் கீழே உயர் நீதிமன்றங்கள். நீதிபதியாக வேண்டியவர் குடிமகனாக இருப்பதோடு, நியமனத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகள் வழக்கறிஞராகவோ அரசாங்கச் சட்டப் பணியிலோ இருந்திருக்க வேண்டும் என்று சாசனத்தின் 123ஆம் பிரிவு கூறுகிறது. பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்து, மாமன்னர் நியமிக்கிறார். தகுதியானவர்களைப் பரிசீலிக்க நீதிபதிகள் நியமன ஆணையம் ஒன்று 2009இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அமெரிக்காவைப்போல் ஆயுட்காலப் பதவி இல்லை. 66 வயதில் ஓய்வு.

ஆக, இங்கே வழி இரண்டு. சித்தி நோர்மா யாக்கோப் அம்மையார் அரசாங்கச் சட்டப் பணியின் வழியே வந்து, 1983இல் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, 2001இல் கூட்டரசு நீதிமன்றத்தை அடைந்தார். கோபால் ஸ்ரீராம் அவர்கள் வழக்கறிஞர் தொழிலிலிருந்து 1994இல் நேரே அப்பீல் நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டு, 2009இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியானார்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சட்டம் படிக்கக் கேட்கும் பிள்ளையிடம் "எப்போது சம்பாதிப்பாய்?" என்று மட்டும் கேட்காதிருப்போம். பத்து ஆண்டு தொழில் செய்தவரே நீதிபதி ஆகலாம் என்றால், இன்று நாம் உதவும் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலுக்கு வருவதற்கே பதினைந்து ஆண்டாகும். இன்று விதைக்காதவர், நம்மவர் ஒருவரும் அங்கே இல்லையே என்று பின்னாளில் வருந்திப் பயனில்லை.

இரண்டாவது, பெண்பிள்ளைகளை மறவாதிருப்போம். பிளேக்ஸ்லி அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு சமையற்காரரின் ஒன்பதாவது பிள்ளையை; அதுவும் பெண்ணை.

மூன்றாவது, நம் சங்கத்தையே குறைகூறிப் பேசும் இளைஞர்மீது கோபம் கொள்ளுமுன், அவர் சொல்வதில் உண்மை உண்டா என்று பார்ப்போம். துணிந்து பேசத் தெரிந்தவரைத்தான் நாளை நமக்காகப் பேச அழைக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, நீதிமன்றங்களில் பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தே நடக்கின்றன. விடுமுறையில் ஒருநாள் பிள்ளையை அழைத்துச்சென்று பின்வரிசையில் அமரவைக்கலாம். செலவு பஸ் கட்டணம் மட்டுமே.

சிந்தனைக்கு மூன்று வினாக்கள்

1. நீதிபதியின் சம்பளத்தைக் குறைக்கக்கூடாது என்ற விதி யாருக்குப் பாதுகாப்பு: நீதிபதிக்கா, வழக்காடுபவருக்கா?

2. நம் சங்கத்தில் இருவர் பிணக்கைத் தீர்க்கும் பெரியவர், அவர்களில் ஒருவருக்குக் கடன் கொடுத்தவராக இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

3. நாம் தரும் உபகாரச் சம்பளம் ஓராண்டோடு நின்றுவிட்டால், நீண்ட படிப்புப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்?

மூன்றாவது வினாவுக்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் விடை காண வேண்டும் என்பது நம் விருப்பம். மளிகைக்கடை அன்பரிடம் இவ்விதழை நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். கேள்வி அவருடையது, படித்துப் பார்த்துவிட்டு, மேலும் கேட்க அவருக்கு உரிமை உண்டு.